இடுப்பில் ஒரு சின்னக் கத்தி

பெரியகுளம் பக்கம், கொடைக்கானல் மலையடிவாரத்தில் மாங்கன்று ஒட்டுக் கட்டி விற்பது எங்கள் குடும்பத் தொழில். கல்லாமை, காசா லட்டு, இமாம் பசந்த், செந்தூரம் என்று கேட்கிற ரகமெல்லாம் கிடைக்கும். முதலீடு என்றால் நிலம், தண்ணீர், நிழல்வலை. கருவி என்றால் கத்திதான். மண்வெட்டி, கத்தரி, பூவாளி எல்லாம் பக்கத்தில் கிடந்தாலும், ஒட்டு பிழைக்குமா சாகுமா என்பதைத் தீர்மானிப்பது கையில் இருக்கும் சின்னக் கத்தியும் அதன் கூரும்.

நான் இப்போது வைத்திருப்பது ஸ்வீடனில் செய்த மோரா கத்தி. மடக்குக் கத்தி இல்லை. அலகும் பிடியும் அசையாமல் ஒன்றாகச் சேர்ந்தது. அலகின் நீளம் பத்து சென்டிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். முதுகின் கனம் இரண்டரை மில்லிமீட்டர். பிடி பிளாஸ்டிக், மேலே ரப்பர் பூச்சு, உறையும் பிளாஸ்டிக். பார்த்தால் கட்டிட வேலைக்காரர் பையில் கிடக்கும் சாமான் போலத்தான் இருக்கும். என் கைக்கு வந்து சேர்ந்தபோது இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய் ஆனது. "ஒரு கத்திக்கு இவ்வளவா?" என்று வீட்டில் கேட்டார்கள். வெட்டுக்கத்தி வாங்கப் போகிறவருக்கு இது பெரிய தொகைதான். ஆனால் தரமான சின்னக் கத்திகளின் உலகத்தில் இதுதான் அடிமட்ட விலை. இதைப்போல் பத்து மடங்கு, இருபது மடங்கு விலைக்கும் கத்திகள் விற்கின்றன. அவற்றில் பல இதைவிட நன்றாகச் சீவாது என்பது என் உறுதியான எண்ணம்.

ஏன் என்று சொல்ல, ஒரு ஒட்டு கட்டுவதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும்.

சாரல் காலத்தில், ஆடி ஆவணியில், காற்றில் ஈரம் இருக்கும்போது மென்தண்டு ஒட்டு கட்டுவோம். மாங்கொட்டை போட்டு முளைத்த வேர்ச்செடி ஒன்று. அதன் உச்சியில் செம்புநிறத் தளிர் விட்டிருக்க வேண்டும். நல்ல தாய்மரத்திலிருந்து எடுத்த ஒட்டுக்குச்சி இன்னொன்று. பென்சில் கனம், ஒரு சாண் நீளத்துக்கும் குறைவு. வெட்டுவதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே அதன் இலைகளைக் காம்பை மட்டும் விட்டுக் கிள்ளிவிடுவோம். அப்போதுதான் மொட்டு விம்மும். வேர்ச்செடியின் தலையை வெட்டி, நடுத்தண்டில் நாலைந்து சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கீறல் போடுவோம். குச்சியின் அடியை அதே நீளத்துக்கு இரண்டு பக்கமும் சீவி ஆப்பாக்கிக் கீறலில் இறக்கி, பாலித்தீன் நாடாவால் இறுக்கிச் சுற்றுவோம்.

பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில், ஈரம் பளபளக்கும் மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. மரம் பருப்பது அந்தப் படலத்தால்தான். குச்சியின் படலமும் செடியின் படலமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டால் இரண்டும் கலந்து ஒரே மரமாகும். சீவிய முகம் மேடும் பள்ளமுமாக இருந்தால் நடுவில் காற்று நிற்கும், பிறகு தண்ணீர் கோக்கும், பூசணம் பிடிக்கும், குச்சி கறுத்துவிடும். மழுங்கிய கத்தி மரத்தைச் சீவாது, நசுக்கிக்கொண்டே போகும். நசுங்கிய திசு ஒட்டாது. ஆகவே அந்த நாலு சென்டிமீட்டர் சரிவை ஒரே இழுப்பில், கண்ணாடி போட்டாற்போல் சீவ வேண்டும். இரண்டாவது இழுப்பு விழுந்தாலே முகத்தில் ஒரு படி வந்துவிடும்.

எங்கள் பக்கத்தில் ஒட்டுக் கட்டுவதில் பேர் வாங்கிய பெரியவர் ஒருவர் உண்டு. எனக்கு மாமா முறை. இந்தக் கத்தியை முதலில் அவரிடம்தான் காட்டினேன். வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கத்தி என்னமோ நல்லாத்தான் இருக்கு மாப்ள. ஆனா ரெண்டு பக்கமும்ல சரிச்சு வச்சிருக்கான்? குச்சிக்குள்ள புடிச்சு இழுத்துட்டுப் போகாதா?"

"ஒரு குச்சி சீவிப் பாருங்க மாமா."

சீவினார். உடனே எதுவும் சொல்லவில்லை. இன்னொரு குச்சியை எடுத்துச் சீவி, இரண்டு முகத்தையும் சேர்த்து வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். இடையில் வெளிச்சம் வரவில்லை.

"சரிவ மரத்து மேல படுக்க வச்சா நேராத்தான் போகுது," என்றார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஒட்டுக்கென்றே செய்யும் கத்திகள் ஒரு பக்கம் மட்டும் சரிவும் மறுபக்கம் தட்டையுமாக இருக்கும். தட்டைப் பக்கம் மரத்தோடு ஒட்டிப் போவதால் வெட்டு வளையாது. அவருடைய கத்தி உள்ளூர்ப் பட்டறையில் லாரி ஸ்பிரிங் பட்டையை அடித்துச் செய்தது. இன்றும் அவர் அதைத்தான் பிடிக்கிறார். அவர் கைக்கு அதை மிஞ்சியது இல்லை. மோராவில் இரண்டு பக்கமும் சரிவு உண்டு. ஆனால் அந்தச் சரிவு அகலமானது, மட்டமானது. அலகின் பாதி உயரத்துக்கும் கீழே தொடங்கி, கூர் நுனி வரை ஒரே தளமாக வழிந்து முடிகிறது. கடைசியில் கூருக்கென்று தனியாக இன்னொரு குட்டிச் சரிவு கிடையாது. நம் வீட்டுச் சமையல் கத்திகளில் அந்தக் குட்டிச் சரிவு உண்டு. மோராவில் அது இல்லாததால், சரிவை மரத்தின் மேல் படுக்க வைத்தால் போதும், தச்சரின் இழைப்புளி போல அதுவே தன் வழியில் போகிறது. ஸ்காண்டிநேவிய நாடுகளில் தலைமுறை தலைமுறையாக வந்த வடிவம் இது. பின்லாந்துக்காரர்களின் 'பூக்கோ' கத்தியும் இதே குடும்பம்தான்.

மோரா என்பது ஓர் ஊர். நடு ஸ்வீடனில், டாலர்னா மாகாணத்தில், சில்யான் ஏரிக்கரையில் இருக்கிறது. அங்கே பனிக்காலம் நீண்டது, விவசாய நிலம் குறைவு. அதனால் ஊர்க்காரர்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து செய்யும் கைத்தொழில்களில் தேறினார்கள். பெரிய கடிகாரங்கள் செய்தார்கள், கத்திகள் செய்தார்கள். சிவப்பு வர்ணம் பூசி, பூ எழுதிய மரக்குதிரைப் பொம்மை ஒன்று ஸ்வீடனின் அடையாளமாக உலகமெங்கும் விற்கிறதே, அதுவும் இந்த மோராவுக்குப் பக்கத்து ஊரான நூஸ்நேஸில் செய்வதுதான். அந்தக் குதிரையின் உடலை இன்றும் கத்தி பிடித்துத்தான் சீவுகிறார்கள். கத்தி செய்கிற ஊரும் அதை வைத்துப் பிழைக்கிற ஊரும் அடுத்தடுத்து இருந்ததால்தான் இந்தக் கத்திக்கு இந்த வடிவம் வாய்த்தது என்று நினைக்கிறேன். வாங்குபவர் தினமும் அதை எட்டு மணி நேரம் பிடிப்பவர் என்றால், செய்பவர் ஏமாற்ற முடியாது.

ஃப்ரோஸ்ட் எரிக் எர்சன் என்பவர் அமெரிக்காவில் மரம் வெட்டும் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, 1891-ல் மோராவை அடுத்த ஓஸ்ட்நோர் கிராமத்தில் மரம் இழுக்கும் சறுக்கு வண்டிகள் செய்யும் பட்டறை தொடங்கினார். கூடவே கத்தியும் செய்தார். நாளடைவில் கத்திதான் நின்றது, வண்டி போய்விட்டது. 1912-ல் அதே ஊரில் கே.ஜே.எரிக்சன் என்ற இன்னொரு கத்தித் தொழிற்சாலை வந்தது. இரண்டும் நெடுங்காலம் போட்டியாளர்களாக இருந்து, 2005-ல் ஒன்றாகச் சேர்ந்தன. இன்றைக்கு 'மோராக்னிவ்' என்ற பெயரில் விற்பது அந்த நிறுவனம்தான். சிவப்புச் சாயம் பூசிய பிர்ச் மரப்பிடி போட்ட அவர்களுடைய பழைய மாதிரி இப்போதும் கிடைக்கிறது. நடுவில் புடைத்து இரண்டு முனையிலும் ஒடுங்கிய பிடி. உள்ளங்கையில் வைத்து எப்படித் திருப்பினாலும் உறுத்தாது.

உருக்கு விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கத்தி இரண்டு வகையில் கிடைக்கிறது. ஒன்று கார்பன் உருக்கு; நூற்றுக்கு ஒரு பங்கு அளவில் கார்பன் இருக்கும், நன்றாகக் கடினமாகும், சீக்கிரம் தீட்டிவிடலாம், ஆனால் துருப்பிடிக்கும். மற்றொன்று 12சி27 என்ற ஸ்டெயின்லெஸ் உருக்கு. இதில் கார்பன் 0.6 சதவிகிதம், குரோமியம் 13.5 சதவிகிதம். ஸ்வீடனில் சாண்ட்விக்கன் என்ற ஊரில் 1862-ல் தொடங்கிய சாண்ட்விக் ஆலை உருவாக்கிய சரக்கு இது. கடினத்தை அளக்கும் ராக்வெல் கணக்கில் 56-லிருந்து 58 வரை நிற்கும். இந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு. ஐம்பதுக்குப் பக்கத்தில் இருக்கும் மலிவுக் கத்தி கூர் மடங்கிப்போகும். நாலு குச்சி சீவினால் மறுபடி கல்லைத் தேட வேண்டும். அறுபத்து நாலு, அறுபத்தைந்து என்று ஏற்றினால் கூர் வெகுநேரம் நிற்கும். ஆனால் ஒரு முடிச்சில் மாட்டினால் பல் விழும், தீட்டுவதும் பாடு. வயலில் நின்று வேலை செய்பவருக்கு ஐம்பத்தெட்டை ஒட்டிய பதம்தான் சரி.

நான் ஸ்டெயின்லெஸ்ஸைத் தேர்ந்ததற்குக் காரணம் மாம்பால். குச்சியை வெட்டியதும் வடியும் அந்தப் பால் அமிலத்தன்மை உள்ளது. கையில் பட்டாலே சிலருக்குப் புண்ணாகும். கார்பன் உருக்கில் அது பட்டால் கொஞ்ச நேரத்தில் நீலமும் கறுப்புமாகத் திட்டு விழும். அந்தத் திட்டால் கெடுதல் ஒன்றும் இல்லை. உண்மையில் அது துருவைக் கொஞ்சம் தடுக்கும். ஆனால் சாரலில் நனைந்த கையோடு நாள் முழுக்க நிற்கும்போது ஒவ்வொரு குச்சிக்கும் அலகைத் துடைத்துக்கொண்டிருக்க எனக்கு நேரம் இல்லை. உலர்ந்த மரத்தில் சிற்ப வேலை செய்கிறவர் என்றால் நான் கார்பனையே வாங்கச் சொல்வேன்.

மடக்குக் கத்தி ஏன் ஆகாது என்பதற்கும் இந்தப் பாலே பதில். மடக்குக்கு ஒரு கீல் உண்டு, ஒரு ஸ்பிரிங் உண்டு. அதற்குள் பாலும் மண்ணும் புகுந்தால் பிசின் மாதிரி இறுகிவிடும். அலகு பிடிக்குள் மடங்கும் என்பதே ஒரு பலவீனம். அழுத்தும்போது விரலின் மேல் மூடிக்கொள்ள வாய்ப்பு உண்டு. நிலையான அலகில் அந்தப் பயம் இல்லை. அலகின் காம்பு பிடிக்குள் போய் இறுகியிருக்கிறது, அவ்வளவுதான். கழுவினால் சுத்தம். ஒரு தாய்மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போகும்போது நோய் தொற்றாமல் இருக்க, ஸ்பிரிட் நனைத்த துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கத்தி கனமாக இருந்தால் தரமானது என்று பலர் நம்புகிறார்கள். 1982-ல் வந்த முதல் ராம்போ படத்துக்குப் பிறகு, முதுகில் ரம்பப் பல் வைத்த, கால் அங்குலக் கனத்தை நெருங்கும் கத்திகள் உலகமெங்கும் விற்றன. இன்றும் கண்காட்சிக் கடைகளில் அந்தச் சாயலில்தான் பளபளவென்று தொங்குகின்றன. அந்தக் கத்தியால் ஒரு கொய்யாக் கிளையைக்கூட ஒழுங்காகச் சீவ முடியாது. கனமான அலகு மரத்துக்குள் நுழையும் முன்பே மரத்தைப் பிளந்துவிடும். முதுகிலுள்ள பல், கட்டைவிரலை வைத்துத் தள்ள வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. சின்னக் கத்தியில் பாதி வேலையைக் கட்டைவிரல்தான் செய்கிறது. மோராவின் இரண்டரை மில்லிமீட்டரே சமையலறைக்கு அதிகம். கேரட்டை வெட்டினால் வெட்டாமல் வெடிக்க வைக்கும். காய் நறுக்க அரிவாள்மணையும் மெல்லிய சமையல் கத்தியும் இருக்கட்டும். இதை அங்கே கொண்டுபோக வேண்டாம்.

தீட்டுவது. இதில்தான் பலரும் கத்தியைக் கெடுத்துக்கொள்கிறார்கள். தெருவில் சாணை பிடிக்க வருபவரிடம் இதைக் கொடுக்கக் கூடாது. மெல்லிய அலகு, சுழலும் கல்லின் சூட்டில் பதம் இழந்துவிடும். கூர் நுனி நீலம் பூத்தால் அந்த இடம் செத்தது என்று அர்த்தம். அந்த அளவுக்குத் தேய்த்து எடுத்தால்தான் நல்ல உருக்கு மறுபடி வரும். வீட்டில் ஆயிரம் நம்பர் கல் ஒன்று, அதைவிட நைசான கல் ஒன்று, ஒரு பழைய தோல் பெல்ட், இவை போதும்.

கல்லைத் தண்ணீரில் நனைத்து, நகராமல் ஈரத்துணி மேல் வைக்க வேண்டும். கத்தியின் சரிவைக் கல்லின் மேல் படுக்க வைத்து, இரண்டு விரல் நுனியால் சரிவின் மேலேயே அழுத்த வேண்டும். அலகு லேசாக ஆடினால் கூர் நுனி தூக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஆடாமல் ஒட்டி நின்றால் கோணம் சரி. இங்கே கோணத்தைக் கண்ணளவில் பிடிக்க வேண்டியதே இல்லை. செய்தவர் வைத்த சரிவே கோணத்தைச் சொல்லிக்கொடுக்கிறது. புதிதாகத் தீட்டக் கற்பவருக்கு இதைவிட நல்ல கத்தி இல்லை என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். முன்னும் பின்னும் தேய்க்கத் தேய்க்கச் சாம்பல் நிறக் குழம்பு வரும், சத்தம் முதலில் கரகரவென்று இருந்து பிறகு மெல்லிசாகும். அப்போது மறுபக்கத்துக் கூரை விரல் நுனியால் குறுக்கே, கூருக்கு வெளிப்புறமாகத் தடவினால் முடி மாதிரி ஒரு பிசிறு தட்டுப்படும். அடியிலிருந்து முனை வரை அந்தப் பிசிறு தொடர்ச்சியாக இருந்தால்தான் ஒரு பக்கம் முடிந்தது. பிறகு மறுபக்கம், பிறகு நைசான கல். கடைசியில் தோலின் உட்புறத்தில் பாலிஷ் பசை தடவி, கூர் பின்னால் வரும்படி இழுத்தால் பிசிறு உதிரும்.

பனையேறிகள் பாளை சீவும் அரிவாளை ஒரு மரக்கட்டையில் வெள்ளைக்கல் பொடி தூவித் தீட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். என் தோல் பெல்ட்டும் பசையும் செய்வது அதே வேலைதான். பாளையும் ஒட்டுக்குச்சி மாதிரிதான். நசுங்கினால் பதநீர் சுரக்காது. தென்மாவட்டத்துப் பனையேறிகளின் அரிவாளில் இருக்கும் கூரை நான் வேறு எந்தத் தொழிலிலும் பார்த்ததில்லை. தொழில் அழிந்துகொண்டு வருவதோடு அந்தத் தீட்டுக் கைப்பழக்கமும் போய்க்கொண்டிருப்பது எனக்கு வருத்தம்.

கூர் வந்ததா என்று பார்க்கப் பலர் கை ரோமத்தை மழிப்பார்கள். நான் ஒரு மாவிலையை ஓரத்தில் பிடித்து அலகை அதன் எடையிலேயே இறக்குவேன். நரம்பில் சிக்காமல் போக வேண்டும்.

பராமரிப்பு அதிகம் இல்லை. இரவில் கழுவித் துடைத்து, உறைக்கு வெளியே காயவிட்டு, பிறகு உறையில் போடுகிறேன். தோல் உறை வைத்திருப்பவர்கள் மாதக்கணக்கில் அதற்குள்ளேயே கத்தியை விடக் கூடாது. தோல் பதனிடும் சரக்கும் ஈரமும் சேர்ந்து அலகை அரிக்கும். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடக் கூடாது. ஆணி பிடுங்க, டப்பா நெம்ப, திருகு கழற்ற இதைப் பயன்படுத்தக் கூடாது.

சட்டம் பற்றிப் பலர் கேட்கிறார்கள். நம் நாட்டு ஆயுத விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைத்தான் ஆயுதப் பட்டியலில் சேர்க்கின்றன. அதிலும் வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. நாலு அங்குலக் கத்தி அந்தக் கணக்கில் வராது. அதற்காக இடுப்பில் செருகிக்கொண்டு திருவிழாவுக்கோ பேருந்து நிலையத்துக்கோ போகலாம் என்று அர்த்தமில்லை. வேலை முடிந்தால் கத்தி தோட்டத்திலேயே இருக்கட்டும். விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக முடியாது. இத்தனை கத்தி செய்யும் ஸ்வீடனிலேயே 1988-ல் வந்த சட்டப்படி பொது இடத்தில் காரணமில்லாமல் கத்தி வைத்திருக்கக் கூடாது. தொழிலுக்கு என்றால் தடையில்லை. அந்த வேறுபாடு எனக்குச் சரியாகப் படுகிறது.

ஆனால் அதே ஸ்வீடனில் பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் கையில் கத்தி கொடுக்கிறார்கள். 'ஸ்லோய்ட்' என்ற கைவினைப் பாடம் அங்கே ஆண், பெண் எல்லாருக்கும் கட்டாயம். இதற்கு வித்திட்டவர்களில் ஒருவர் ஓட்டோ சாலமன். கோத்தன்பர்க் பக்கம் நேஸ் என்ற இடத்தில் 1870-களில் ஆசிரியர்களுக்கு இதைக் கற்பிக்கத் தொடங்கினார். உலகின் பல நாடுகளிலிருந்து ஆசிரியர்கள் அங்கே போய்ப் படித்தார்கள். சாலமன் குழந்தைக்குக் கொடுத்த முதல் கருவி கத்திதான். ரம்பமும் இழைப்புளியும் பிறகுதான். அவர் வகுத்த பயிற்சி வரிசையின் தொடக்கத்தில் வரும் பொருள்களில் ஒன்று, பூச்செடிக்கு முட்டுக் கொடுக்கும் உருண்டைக் குச்சி. நாற்றங்கால்காரனான எனக்கு இதைப் படித்தபோது ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சமல்ல.

நம் ஊரில் இன்று கத்தி என்றாலே செய்தித்தாளின் குற்றப் பக்கம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. எங்கள் பாட்டன்மார் வீடுகளில் ஏழெட்டு வயதுப் பிள்ளை நுங்கு சீவும், வேப்பங்குச்சி ஒடித்துச் சீவிப் பல் தேய்க்கும், பனைமட்டையில் வண்டி செய்யும். இப்போது பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஆப்பிளை நாம் நறுக்கிக் கொடுக்கிறோம். அந்தப் பிள்ளையின் விரலுக்கு மரத்தின் இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியாது. இது எனக்குப் பெரிய இழப்பாகப் படுகிறது.

அதனால் பள்ளி விடுமுறையில் அண்ணன் பிள்ளைகளும் தங்கச்சி மகளும் வந்தால் கல்யாண முருங்கைக் கிளை வெட்டி வைக்கிறேன். மிருதுவான மரம், குழந்தைக் கைக்கு ஏற்றது. விதிகள் சில உண்டு. உட்கார்ந்துதான் சீவ வேண்டும். கை நீட்டினால் எட்டும் தூரத்துக்குள் வேறு யாரும் இருக்கக் கூடாது. தொடைகளுக்கு நடுவே வைத்துச் சீவக் கூடாது, அங்கேதான் பெரிய ரத்தக் குழாய் ஓடுகிறது. முழங்காலுக்கு வெளியே சீவ வேண்டும். கத்தியை அடுத்தவர் கையில் கொடுக்கக் கூடாது, கீழே வைத்தால் அவர் எடுத்துக்கொள்ள வேண்டும். "கையில கொடுத்தா சண்டை வரும்" என்று எங்கள் அப்பத்தா சொன்ன அதே விதிதான். பேசுவதென்றால் கத்தி உறைக்குள் போக வேண்டும். பிடியில் விரல் நழுவாமல் தடுக்கும் மேடு உள்ள, முனை மழுங்கிய குழந்தைக் கத்திகளையும் மோராக்காரர்கள் செய்கிறார்கள், சின்னவனுக்கு அதுதான்.

தங்கச்சி மகள் போன தடவை, "மாமா, இதை எதுக்குச் சீவுறோம்?" என்று கேட்டாள். சும்மா சீவச் சொன்னால் எந்தப் பிள்ளைக்கும் சலிக்கும், கேட்டது சரி. எங்கள் நாற்றங்காலில் ஒவ்வொரு பாத்திக்கும் ரகப் பெயர் எழுதிய குச்சி ஊன்ற வேண்டும். பிளாஸ்டிக் அட்டை வெயிலில் நொறுங்கிவிடுகிறது. "ஒரு முனையைக் கூராக்கு, மண்ணுல இறங்கணும். மேல ஒரு பக்கம் மட்டும் தட்டையாச் சீவு, பேரு எழுதணும்," என்றேன். கூராக்குவது சுலபம். தட்டையாகச் சீவுவதுதான் கஷ்டம். சரிவைப் படுக்க வைத்து, ஒரே இழுப்பில், ஒட்டுக்குச்சிக்கு வேண்டிய அதே வெட்டு. மதியத்துக்குள் அவளுக்கு அது வந்துவிட்டது. காசா லட்டுப் பாத்திக்கான குச்சிகள் முழுக்க அவள் சீவியவை. அடுத்த விடுமுறைக்கு வேர்ச்செடியில் கீறல் போடக் கற்றுக்கொடுக்கச் சொல்லியிருக்கிறாள்.